ஏர்ஃப்ளோ டேக்க சர்வருக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே தானா டெஸ்ட் பண்ண என்ன வழி?

மண்டபம்_வடகடல்:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துல நண்டு வாங்கி வேகவச்சு சதை எடுத்து அனுப்புற ஒரு கம்பெனில டேட்டா வேலை பாக்குறேன். டேட்டா டீம்னா நான் ஒருத்திதான், ரெண்டு வருசம் ஆகுது. போன வாரம் நடந்தத சொல்லிட்டு கேள்விக்கு வரேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

எங்ககிட்ட ஏர்ஃப்ளோல (நேரம் வச்சு வேலைகள தானா ஓட்டுற சாஃப்ட்வேர்) 14 டேக் (DAG, வரிசையா ஓட வேண்டிய வேலைகளோட ஒரு தொகுப்பு) ஓடுது. பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டின்னு ஒவ்வொரு கரையிலயும் எங்க ஆளு ஒருத்தர் இருப்பாரு, நண்டு எடை போட்டதும் போன்லயே ஷீட்ல ஏத்திருவாரு, நாட்டுப்படகுல வந்தது எவ்வளவு, விசைப்படகுல வந்தது எவ்வளவு, என்ன சைஸ் எல்லாம் அதுல இருக்கும். ஒரு டேக் அத எடுத்து சுத்தம் பண்ணும், ஒன்னு விலை ஷீட் போடும், இன்னொன்னு சாயங்காலம் ஷெட் சூப்பர்வைசர் அக்காவுக்கு நாளைக்கு எத்தன கிலோ சதை எடுக்கணும், எத்தன பேர வரச் சொல்லலாம்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் அனுப்பும்.

எல்லா டேக்குக்கும் பொதுவா ஒரு ஹெல்ப்பர் ஃபைல் வச்சிருக்கேன். அதுல எடை கணக்கு போடுற ஃபங்ஷன் பேரு குழப்பமா இருக்குன்னு மாத்துனேன், நான் அன்னைக்கு கை வச்ச ரெண்டு டேக்லயும் புதுப் பேர போட்டேன், அந்த ரெண்டையும் லேப்டாப்ல ஓட்டிப் பாத்தேன், நல்லா ஓடுச்சு, கோடு வச்சிருக்குற கிட்ல (Git) மெயின் பிராஞ்ச்ல புஷ் பண்ணிட்டேன். சர்வர் கிட்ல இருந்து தானா இழுத்துக்கும். ஆனா வேற மூணு டேக் அதே ஃபங்ஷன பழைய பேர்ல இம்போர்ட் பண்ணிக்கிட்டு இருந்துச்சு, அது எனக்கு ஞாபகத்துலயே இல்ல. மூணும் போச்சு. அதுல ஒன்னுதான் சூப்பர்வைசர் அக்காவுக்கு மெசேஜ் அனுப்புறது.

டாஸ்க் (டேக்குக்குள்ள உள்ள ஒவ்வொரு வேலையும்) ஃபெயிலானா எனக்கு மெயில் வர்ற மாதிரி வச்சிருக்கேன். ஆனா இங்க டாஸ்க் எதுவும் ஃபெயிலாகல, ஏன்னா எதுவும் ஓடவே இல்ல, டேக்கே லிஸ்ட்ல இருந்து காணாமப் போயிருச்சு, இம்போர்ட் எரர்னு மேல ஒரு செவப்புப் பட்டை மட்டும் நின்னுச்சு. அத நான் பாத்தது மறுநாள் காலையில பத்து மணிக்கு.

மெசேஜ் வரலன்னதும் அக்கா வழக்கம்போல எல்லாரையும் வரச் சொல்லிட்டாங்க. முந்தின நாள் காத்து, நண்டு பாதி கூட வரல. வேதாளை, மரைக்காயர்பட்டினம், உச்சிப்புளில இருந்தெல்லாம் மொத பஸ் பிடிச்சு வந்தவங்கள்ல பாதி பேர பத்து மணிக்கு திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னைக்கு கூலி கிடையாது, பஸ் காசும் கையில இருந்து. எங்க அத்தையும் அதுல ஒருத்தங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்து "இன்னைக்கு நண்டு கம்மிம்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல.

இப்ப என் கேள்வி. புஷ் பண்றதுக்கு முன்னாடி 14 டேக்கையும் மொத்தமா, நான் ஞாபகம் வச்சு செய்யாம, தானா டெஸ்ட் பண்ண முடியுமா? டாக்கர்ல (சர்வர் மாதிரியே ஒரு சூழல லேப்டாப்ல ஓட்டுற டூல்) முழு ஏர்ஃப்ளோவ ஏத்தலாம்னு பாத்தா என் லேப்டாப் 8 ஜிபிதான், ஃபேன் கத்தி நின்னுருது, இங்க கரண்ட் வேற போய்ப் போய் வருது. ஒரே ஒரு ஆள் இருக்குற எடத்துல இதெல்லாம் பண்றது தேவைதானான்னும் சொல்லுங்க.


கீழக்கரை_துபாய்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு மொதல்ல சொல்லிடுறேன். ஒத்த ஆள் பாக்குற எடத்துலதான் இது கண்டிப்பா வேணும். பத்து பேர் இருக்குற எடத்துல உன் மாத்தத்த இன்னொருத்தர் கண்ணு பாக்கும், "ஏய் அந்த ஃபங்ஷன் நானும் வச்சிருக்கேனே"ன்னு ஒருத்தராவது சொல்லுவாரு. உனக்கு அப்படி சொல்ல ஆள் இல்ல, அந்த எடத்துலதான் டெஸ்ட் நிக்கணும். நான் கீழக்கரைதான், இங்க துபாய்ல ஏழு வருசமா இதே பொழப்பு.

டாக்கர் வேண்டாம். முழு ஏர்ஃப்ளோவ ஏத்துறதுக்கு அவங்க டாக்குமெண்ட்லயே டாக்கருக்கு குறைஞ்சது 4 ஜிபி, முடிஞ்சா 8 ஜிபி குடுன்னுதான் போட்டிருக்கு, உன் லேப்டாப்புல அது நடக்காது. உனக்கு வேண்டியது ஷெட்யூலரும் இல்ல வெப் ஸ்க்ரீனும் இல்ல. டேக்ங்கிறது பைத்தான் ஃபைல், அவ்வளவுதான். 2014ல ஏர்பிஎன்பில மாக்சிம் போஷ்மின் இத ஆரம்பிச்சப்பவே ஒர்க்ஃப்ளோவ கோடா எழுதுறதுங்கிறதுதான் அடிப்படை. அதனால சாதா பைத்தான் கோடுக்கு எழுதுற மாதிரியே பைடெஸ்ட்ல (பைத்தான் கோட டெஸ்ட் பண்ற டூல்) டெஸ்ட் எழுதலாம்.

மொத டெஸ்ட் இது. ஏர்ஃப்ளோல டேக்பேக்னு ஒரு கிளாஸ் இருக்கு, அதுகிட்ட உன் டேக் ஃபோல்டர காட்டுனா உள்ள இருக்குற எல்லா ஃபைலையும் ஏத்திப் பாக்கும், ஏறாதத இம்போர்ட் எரர்ஸ்னு ஒரு டிக்‌ஷனரில போட்டு வைக்கும், எந்த ஃபைல், என்ன எரர்னு அதுலயே இருக்கும். அந்த டிக்‌ஷனரி காலியா இருக்கணும், அதான் டெஸ்ட். கூடவே வர்ற எக்சாம்பிள் டேக் எல்லாம் வேண்டாம்னு சொல்லிரு, இல்லன்னா அதையும் இழுத்துக்கிட்டு வரும். அஞ்சாறு வரிதான். போன வாரம் உனக்கு நடந்தது இந்த ஒத்த டெஸ்ட்லயே மாட்டிருக்கும், ஏன்னா நீ கை வைக்காத ஃபைலையும் இது ஏத்திப் பாக்குது. அ முடிஞ்சு ஆ, ஆ முடிஞ்சு அன்னு சுத்துற டேக்கும் இதுலயே மாட்டிரும்.

ரெண்டாவது, எரர் இல்லன்னதும் எல்லாம் சரின்னு நினைச்சுறாத. டெகரேட்டர் (ஃபங்ஷனுக்கு மேல @ போட்டு எழுதுற வரி) போட்டு டேக் எழுதுறப்ப கடைசில அந்த ஃபங்ஷன கூப்பிட மறந்துட்டா எரரே வராது, டேக்கும் வராது. நானே ஒரு முழு நாள் இதுல தேடியிருக்கேன். அதனால உன் 14 டேக்கோட பேரையும் ஒரு லிஸ்ட்டா எழுதி வச்சு, ஏறுன பேரும் அந்த லிஸ்ட்டும் ஒன்னா இருக்கான்னு பாரு. புதுசா ஒரு டேக் எழுதுனா லிஸ்ட்லயும் ஒரு வரி சேக்கணும், அந்த வேலை இருக்கட்டும், நல்லதுதான்.

மூணாவது, உன் எடத்துக்குன்னு உள்ள சட்டம். ஒவ்வொரு டேக்கா லூப்ல எடுத்து ரீட்ரை (ஃபெயிலானா திரும்ப ஓட்டுறது) குறைஞ்சது ஒன்னாவது இருக்கா, ஃபெயிலானா சொல்ல வேண்டிய ஃபங்ஷன் மாட்டியிருக்கா, டைம்ஜோன் ஏசியா கொல்கத்தாவா, கேட்ச்அப் (ஆரம்பத் தேதில இருந்து விட்டுப்போன ரன் எல்லாத்தையும் ஓட்டுறது) வேண்டாம்னு எழுதியிருக்கான்னு பாக்கணும். கேட்ச்அப்ப விட்டுறாத. நான் முன்னாடி இருந்த ஒரு எடத்துல ரெண்டு வருசத்துக்கு முந்தின தேதிய ஆரம்பத் தேதியா போட்டு ஒரு டேக் ஏத்திட்டாங்க, கேட்ச்அப் பத்தி எதுவும் எழுதல, ஏர்ஃப்ளோ ரெண்டாம் வெர்ஷன்ல எழுதலன்னா ஆமான்னு அர்த்தம். எழுநூத்துச் சொச்சம் ரன், ஒரே நேரத்துல 16 16ஆ ஓட ஆரம்பிச்சு, பழைய பில்லெல்லாம் கஸ்டமருக்கு திரும்ப மெயில்ல போயிருச்சு. மூணாம் வெர்ஷன்ல வேண்டாம்ங்கிறதுதான் வழக்கம்னு மாத்திட்டாங்க, ஆனாலும் எழுதி வச்சிரு.

எங்க ஓட்டுறதுன்னா கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல. நீ புல் ரெக்வெஸ்ட் (மாத்துன கோட மெயின்ல சேக்கக் கேக்குறது) போட்டதும் கிட்ஹப்காரங்க மெஷின்ல தானா ஓடும், உனக்கு கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். சர்வர்ல என்ன பைத்தான் வெர்ஷனோ என்ன ஏர்ஃப்ளோ வெர்ஷனோ அதேதான் அங்கயும் போடணும், ஏர்ஃப்ளோக்காரங்க வெர்ஷன் வாரியா குடுக்குற கன்ஸ்ட்ரைன்ட்ஸ் ஃபைல (எந்த லைப்ரரிக்கு எந்த வெர்ஷன்ங்கிற லிஸ்ட்) வச்சு இன்ஸ்டால் பண்ணு, இல்லன்னா இங்க பாஸாகி அங்க விழும். டேட்டாபேஸுக்கு எஸ்கியூலைட் (ஒரே ஃபைல்ல அடங்குற சின்ன டேட்டாபேஸ்) போதும். வேரியபிள், கனெக்‌ஷன் எல்லாம் பொய்யா ஒன்னு என்விரான்மென்ட் வேரியபிளா குடுத்துரலாம், ஏர்ஃப்ளோ டேட்டாபேஸ பாக்குறதுக்கு முன்னாடி அங்கதான் பாக்கும். நிஜ பாஸ்வேர்ட அங்க கொண்டு போய் வைக்காத.

அப்புறம் மெயின் பிராஞ்ச பூட்டு. டெஸ்ட் பச்சை ஆனாத்தான் மெர்ஜ் பட்டன் வேலை செய்யணும்னு கிட்ஹப்ல செட்டிங் இருக்கு. நீ ஒருத்தியே இருந்தாலும் உனக்கும் சேத்துதான் பூட்டணும். ராத்திரி பதினொரு மணிக்கு "சின்ன மாத்தம்தானே"ன்னு தோணும் பாரு, அப்பதான் இது வேணும்.


தொண்டி_சோழகம்:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னது எல்லாம் சரி, ஆனா அதோட நிறுத்துனா பத்தாது. ஃபைல் ஏறுதாங்கிறத மட்டும்தான் அது பாக்கும். டேக்குக்குள்ள தேதி போடுற ஜிஞ்சா டெம்ப்ளேட் (ஓடுறப்ப மதிப்பு நிரப்புற எடம்), டேட்டாபேஸ கேக்குற எஸ்கியூஎல் இதெல்லாம் ஓடுறப்பதான் விரியும், அதுல ஒரு எழுத்து தப்புன்னா இம்போர்ட்ல ஒன்னும் தெரியாது. ஏர்ஃப்ளோ 2.5ல இருந்து டேக்குக்கே டெஸ்ட்னு ஒரு மெத்தட் இருக்கு, ஷெட்யூலர் இல்லாம ஒரே பிராசஸ்ல மொத்த டேக்கையும் ஒரு தேதிக்கு ஓட்டிக் காட்டும். நாலு வரி உள்ள பொய் ஷீட் ஒன்னு வச்சு மெசேஜ் டேக்க மட்டுமாவது அதுல ஓட்டு, வாட்ஸ்அப் அனுப்புற எடத்துல நிஜமா அனுப்பாம டெக்ஸ்ட்ட மட்டும் திருப்பித் தர்ற மாதிரி ஒன்ன மாட்டிக்கோ. எல்லா டேக்குக்கும் வேண்டாம், எது நின்னா ஆளுங்க பஸ் ஏறி வந்து திரும்புவாங்களோ அதுக்கு.

இன்னொன்னு, டேக் ஃபைல் மேல்மட்டத்துல வேரியபிள் எடுக்குறது, ஷீட்ட தொறக்குறது இதெல்லாம் இருந்தா டாஸ்க்குக்குள்ள தள்ளிரு. ஏர்ஃப்ளோ அந்த ஃபைல 30 செகண்டுக்கு ஒரு தடவ திரும்பத் திரும்பப் படிக்கும், ஒவ்வொரு தடவையும் உன் ஷீட்ட தொறக்கும். டெஸ்ட்ல நெட்ட வெட்டிட்டு ஏத்திப் பாத்தா எந்த ஃபைல் வெளிய கை நீட்டுதுன்னு ஒடனே தெரிஞ்சுரும்.


தங்கச்சிமடத்தான்:

தங்கச்சி, நான் சென்னையில வேலை, வீடு தங்கச்சிமடம், எங்கப்பா விசைப்படகுல டிரைவரா இருந்தவரு. உன் டேக் லிஸ்ட்ட படிச்சதும் எனக்கு மனசுல ஓடுனது வேற. நீ சொன்ன தப்பு இம்போர்ட் எரர், அது காக்கா சொன்னதுல தீந்துரும். ஆனா உன் டேக்ல கடல் சம்பந்தமா ஒரு கணக்கு இருக்கணுமே, அது எங்க இருக்கு? விசைப்படகு வரவு சைபர்னா அது தப்பா சரியான்னு உன் டேக்குக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

இத ஏன் கேக்குறேன்னா, நான் ஒரு தடவ இதுல அடிபட்டவன். ஒரு கம்பெனிக்கு இறால் வரவு டேட்டா பண்ணிக் குடுத்தேன், ஒரு வரி கூட வரலன்னா ஃபெயில்னு போட்டு வச்சேன். ஏப்ரல் 15 வந்துச்சு, மீன்பிடித் தடைக்காலம், தெனமும் ஃபெயில், தெனமும் மெயில். ரெண்டு வாரத்துல அந்த மெயில எல்லாரும் தனி ஃபோல்டருக்கு தள்ளிட்டாங்க. ஜூன்ல நிஜமாவே ஒரு கரையோட ஷீட் வராம போச்சு, அந்த மெயிலும் அதே ஃபோல்டருக்குள்ள போயி கெடந்துச்சு.

அதுக்காக தடைக்காலத்துல டேக்கையே நிறுத்திறாத, அதுவும் தப்பு. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு கிடையாது. உன் நண்டு பெரும்பாலும் நாட்டுப்படகு நண்டு வலையில வர்றது, அது மே மாசமும் வரும். ஆக ஒரே ஷீட்ல ஒரு காலம் சைபரா இருக்கணும், பக்கத்து காலம் சைபரா இருக்கக் கூடாது. அப்புறம் வடகடல்ல (பாக் விரிகுடா பக்கம்) விசைப்படகு திங்கள், புதன், சனி மூணு நாள்தான் போகும், போனது மறுநாள் காலையிலதான் கரைக்கு வரும், அதனால உனக்கு வரவு செவ்வாய், வியாழன், ஞாயிறு. பாம்பன் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் நாள் கணக்கு வேற, அத அங்க உள்ள உங்க ஆளுகிட்டயே கேட்டு எழுதிக்கோ. காத்து எச்சரிக்கை வந்தா கடலுக்குப் போற டோக்கன் குடுக்க மாட்டாங்க, வேலைநிறுத்தம்னாலும் படகு போகாது, இத எந்த தேதிக் கணக்கும் முன்கூட்டி சொல்லாது, அதுக்கு கரையில உள்ளவரே ஷீட்ல "இன்னைக்கு போகல"ன்னு ஒரு டிக் அடிக்க எடம் வை. ஆளு டிக் அடிச்சு சைபர்னா சரி, டிக்கும் இல்ல எடையும் இல்லன்னா அதுதான் பிரச்சனை.

இப்ப இது டெப்ளாய்க்கு (சர்வர்ல ஏத்துறதுக்கு) முன்னாடி டெஸ்ட் பண்ற விசயமான்னா, ஆமா. எந்த நாள்ல எந்தப் படகுக்கு சைபர் வரலாம்ங்கிற முடிவ டேக்குக்குள்ள புதைக்காம தனியா ஒரு சின்ன பைத்தான் ஃபங்ஷனா எழுது, தேதியும் படகு வகையும் குடுத்தா "எதிர்பாரு", "எதிர்பாக்காத"ன்னு சொல்லணும், அவ்வளவுதான். அதுக்கு ஏர்ஃப்ளோவே வேண்டாம், ஒரு செகண்ட்ல நூறு தேதி டெஸ்ட் பண்ணலாம். டேக்ல உள்ள பிராஞ்ச் அந்த ஃபங்ஷன் சொல்றபடி திரும்பிக்கும்.

எந்தத் தேதியெல்லாம் குடுக்கணும்னா, தடை ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், அதோட ஓரத்துல உள்ளது. ஏப்ரல் 14, 15, ஜூன் 14, 15, 16. நடு மே மாசத்த குடுத்தா எந்தத் தப்பும் மாட்டாது. அப்புறம் தடைத் தேதிய கோடுல எழுதாத, வருசம் வாரியா ஒரு ஃபைல்ல வை. 61 நாள்ங்கிறது 2017ல இருந்துதான், அதுக்கு முன்னாடி 45 நாள், மே 29 வரைக்கும். 2020ல கொரோனான்னு 47 நாளா குறைச்சு மே 31ஓட முடிச்சாங்க, ஜூன் 1ல இருந்து கடலுக்குப் போகலாம்னு ஆச்சு. உங்க கம்பெனி பழைய டேட்டாவ ஏத்துனா ஜூன் மாச வரவெல்லாம் தப்புன்னு உன் டேக் தூக்கிப் போட்டுரும். டெஸ்ட்ல 2016க்கு 45, 2020க்கு 47, 2024க்கு 61 வருதான்னு எண்ணிப் பாரு.

மீன் பேரும் ஒரு வம்பு, நண்டோட நின்னா உனக்கு வராது, பின்னாடி மீனும் எடுத்தீங்கன்னா ஞாபகம் வச்சுக்கோ. தெற்க வஞ்சிரத்த சீலான்னு எழுதுவாங்க, சென்னையில சீலான்னா ஊளி, அது வேற மீன். விலை எங்கயோ போயிரும்.


மண்டபம்_வடகடல்:

காக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. நாலு நாள் ராத்திரி உக்காந்து பண்ணிட்டேன், என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

இம்போர்ட் டெஸ்ட் அரை மணி நேரத்துல முடிஞ்சுது. சரியா வேலை செய்யுதான்னு பாக்க போன வாரத்து தப்ப வேணும்னே திரும்பப் பண்ணி புல் ரெக்வெஸ்ட் போட்டேன், ரெண்டு நிமிசத்துல செவப்பு, மூணு ஃபைல் பேரும் வரிசையா வந்துச்சு. அத பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் இருந்தேன். பேர் லிஸ்ட் டெஸ்ட்ல 14க்கு 13தான் வந்துச்சு. காக்கா சொன்ன அதே கூப்பிட மறந்த கதைதான், ரெண்டு மாசம் முன்னாடி நான் எழுதுன ஐஸ் கணக்கு டேக் ஒரு நாள் கூட ஓடல, யாரும் கேக்கவும் இல்ல.

டைம்ஜோன் டெஸ்ட்லதான் எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. விலை ஷீட் டேக்ல பதினொன்றரைக்கு ஓடணும்னு எழுதியிருக்கேன், ஆனா டைம்ஜோன் போடல, அது யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்குல பதினொன்றரை, நமக்கு சாயங்காலம் அஞ்சு மணி. ஆறு மாசமா விலை ஷீட் அஞ்சு மணிக்குத்தான் வருது. தேவிபட்டினத்துல உள்ள அண்ணன் லேட்டா ஏத்துறாரு, அதான் லேட்டுன்னு ஆபீஸ்ல எல்லாரும் அவர கோவிச்சுக்கிட்டு இருந்தாங்க, நானும் ரெண்டு தடவ போன் பண்ணி சத்தம் போட்டிருக்கேன். ஷீட் ஹிஸ்டரிய எடுத்துப் பாத்தா அவரு தெனமும் பத்தரைக்குள்ள ஏத்தியிருக்காரு.

தடைக்கால ஃபங்ஷன்ல 2024க்கு 60 வந்துச்சு. கடைசி நாளுக்கு சின்னதுன்னு மட்டும் போட்டிருந்தேன், சின்னது அல்லது சமம்னு போடணும். ஏப்ரல்ல 16, மே 31, ஜூன் 14ன்னு கையில எண்ணிப் பாத்து திருத்துனேன். இப்ப மூணு வருசமும் சரியா வருது.

ஒன்னு மட்டும் புரியல. ஜூன் 15 வரவு ஷீட்டுக்கு டெஸ்ட்ல "எதிர்பாக்காத"ன்னு வருது, சரி, அன்னைக்கு போற படகு மறுநாள்தான் வரும். ஆனா டேக்க அந்தத் தேதிக்கு ஓட்டிப் பாத்தா ஒரு நாள் தள்ளி முடிவெடுக்குது. ஃபங்ஷனுக்கு ஏர்ஃப்ளோ ஒவ்வொரு ரன்னுக்கும் குடுக்குற டிஎஸ்ங்கிற (ds) தேதியத்தான் குடுக்குறேன். ஏர்ஃப்ளோ வெர்ஷன் 2.9.


கீழக்கரை_துபாய்:

அதுல எல்லாரும் ஒரு தடவ விழுந்து எந்திரிச்சவங்கதான். ரெண்டாம் வெர்ஷன்ல டிஎஸ்னா இன்னைக்கு தேதி இல்ல, டேட்டா இடைவெளி ஆரம்பிச்ச தேதி. தெனமும் ஓடுற டேக் ஜூன் 16 காலையில ஓடுச்சுன்னா டிஎஸ் ஜூன் 15ன்னு சொல்லும், 15ல இருந்து 16 வரைக்கும் உள்ள டேட்டாவுக்கான ரன்னு அர்த்தம். உன் விசயத்துல இது பாதி பொருந்தி வர்றதுதான் வம்பு, படகு போன நாளும் டிஎஸ்ஸும் ஒன்னு, கரைக்கு வந்த நாளும் ரன் ஓடுற நாளும் ஒன்னு. அதனால பல நாள் சரியா வரும், ஏப்ரல் 15 அன்னைக்கு மட்டும் மாட்டும்: டிஎஸ் 14, தடை இல்ல, வரவு வரணும்னு நினைச்சுக்கும். ஆனா தடைக்கு முன்னாடி ராத்திரியே எல்லாப் படகும் கரைக்கு வந்திருக்கணுமே.

ரெண்டு தேதியும் பாரு. போன நாள், வந்த நாள், ரெண்டுல எது தடைக்குள்ள விழுந்தாலும் விசைப்படகு சைபர் சரி. ரெண்டும் வெளிய இருந்தா போன நாள் திங்கள், புதன், சனியான்னு பாரு. உன் ஃபங்ஷனுக்கு எப்பவும் வந்த நாளையே குடு, போன நாள அதுவே ஒரு நாள் கழிச்சு எடுத்துக்கட்டும்.

வந்த நாளுக்கு டிஎஸ் வேண்டாம், இடைவெளி முடியுற நேரத்த எடு. இத ஏன் அழுத்தி சொல்றேன்னா மூணாம் வெர்ஷனுக்கு போறப்ப க்ரான் (ஓட வேண்டிய நேரத்த எழுதுற முறை) போட்ட டேக்ல டிஎஸ்ஸே ரன் ஓடுற தேதியா மாறிடுது, வழக்கத்தையே மாத்திட்டாங்க. நீ டிஎஸ்ஸ வச்சு ஒரு நாள் கூட்டி எழுதியிருந்தா அப்கிரேட் பண்ண அன்னைக்கு மொத்தக் கணக்கும் ஒரு நாள் நகரும், ஒரு எரரும் வராது. முடியுற நேரம் ரெண்டுலயும் ஒன்னுதான். ஆனா அது யூடிசில வரும், கொல்கத்தாவுக்கு மாத்திட்டு அப்புறம் தேதிய எடு. பதினொன்றரை ரன்னுக்கு வித்தியாசம் தெரியாது, நாளைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு ஒரு டேக் போட்டேன்னா யூடிசில அது முந்தின நாள் ராத்திரி பத்தரை.

ஏப்ரல் 15, ஜூன் 15, ஜூன் 16 மூணையும் தொண்டித் தம்பி சொன்ன மாதிரி மொத்த டேக்காவே ஓட்டிப் பாத்து டெஸ்ட்டா வச்சிரு. அப்கிரேட் பண்ற அன்னைக்கு அதுதான் உனக்கு கை குடுக்கும்.


தங்கச்சிமடத்தான்:

காக்கா சொன்னது சரி. ஜூன் 16க்கு ரெண்டு வருசம் குடு தங்கச்சி. 2025ல ஜூன் 15 ஞாயிறு, 2026ல திங்கள். ஒன்னுல வரவு எதிர்பாக்கக் கூடாது, ஒன்னுல எதிர்பாக்கணும். அப்புறம் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில எதையும் மெர்ஜ் பண்ணாத, டெஸ்ட் பச்சையா இருந்தாலும் சரி. அன்னைக்குத்தான் கரையில ஆளு மூச்சு விட நேரம் இல்லாம நிப்பாங்க, ஏதாவது ஒன்னு போச்சுன்னா அவங்ககிட்ட திரும்ப ஏத்துங்கன்னு கேக்க முடியாது.


மண்டபம்_வடகடல்:

இடைவெளி முடியுற நேரத்துக்கு மாத்திட்டேன், மூணு தேதியும் ரெண்டு வருசத்துக்கும் சரியா வருது. ஷீட்ல "இன்னைக்கு போகல" டிக் போட்டாச்சு, பாம்பன் தென்கடல் நாள் கணக்க அங்க உள்ளவர்ட்ட கேட்டு தனி வரியா எழுதிட்டேன். மெயின் பிராஞ்ச் பூட்டியாச்சு. சட்டம் டெஸ்ட்ல இன்னும் ரெண்டு டேக் செவப்பா நிக்குது, ரீட்ரை இல்ல, வெள்ளிக்கிழமை பாக்குறேன். மெசேஜ் அனுப்புற டேக்குக்கு மட்டும் இன்னொன்னும் சேத்தேன், ஆறு மணிக்குள்ள மெசேஜ் போகலன்னா ஏர்ஃப்ளோவுக்கு வெளிய இருந்து ஒரு ஸ்க்ரிப்ட் எனக்கு போன்ல சொல்லும், டேக்கே இல்லன்னாலும் அது சொல்லும்.

தேவிபட்டினம் அண்ணனுக்கு போன் பண்ணி தப்பு என்மேலதான்னு சொல்லிட்டேன், ஆபீஸ் குரூப்லயும் எழுதிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் "அப்ப பதினொன்றரைக்குள்ள ஏத்துனா போதுமாம்மா?"ன்னு கேட்டாரு. பதினொன்னேகாலுக்குள்ள ஏத்திருங்கண்ணேன்னு சொன்னேன்.